திங்கட்கிழமை ஊசியும் வெள்ளீயமும்

வணக்கம் அக்கா,

டர்பனில் ஒரு மருத்துவமனையின் அணுமருத்துவப் பிரிவில் பயிற்சியில் இருக்கிறேன். போன திங்கட்கிழமை ஒரு பாட்டிக்கு எலும்பு ஸ்கேன் எடுத்தோம். எலும்புகள் மங்கல், தைராய்டும் இரைப்பையும் பளிச்சென்று தெரிந்தன. மறுபடி வரச் சொல்லி அனுப்பிவிட்டோம். கிட் (மருந்து கலக்கும் குப்பி) காலாவதியாகவில்லை. 'திங்கட்கிழமை டெக்னீசியம் அப்படித்தான்' என்கிறார்கள் மூத்தவர்கள், ஸ்கேனுக்கான கதிரியக்கப் பொருளைச் சொல்லி. வேதியியல்படி அது சரியா?

சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பாதிதான் சரி. எலும்பு மருந்து என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது குப்பிக்குள் போன காற்றை.

தைராய்டும் இரைப்பையும் தெரிந்ததே தடயம். ஜெனரேட்டரிலிருந்து, அதாவது டெக்னீசியம் ஊறும் கலத்திலிருந்து, நீங்கள் உப்பு நீர் விட்டுக் கறப்பது பெர்டெக்னிடேட். ஒரு டெக்னீசியத்தைச் சுற்றி நான்கு ஆக்சிஜன், ஓர் எதிர்மின்சுமை. பார்வைக்கு அயோடைடு மாதிரி இருப்பதால் தைராய்டு அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இரைப்பைச் சுவரும் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் அப்படியே. அதில் டெக்னீசியம் +7 ஆக்சிஜனேற்ற நிலையில் இருக்கிறது. அந்த நிலையில் அது எலும்பைத் தேடிப்போகும் எம்.டி.பி. மருந்தோடு சேராது, எலக்ட்ரான் வாங்கி +4க்கு இறங்க வேண்டும். இறக்குவது கிட்டில் இருக்கும் ஸ்டானஸ் குளோரைடு, அதாவது எலக்ட்ரான் கொடுக்கத் தயாராக இருக்கும் வெள்ளீயம்.

இந்த வெள்ளீயத்தின் எதிரி ஆக்சிஜன். எம்.டி.பி. குப்பியில் ஸ்டானஸ் குளோரைடு ஏறக்குறைய 1 மில்லிகிராம்தான். 1 மி.லி. காற்றில் உள்ள ஆக்சிஜன் 4 மில்லிகிராமையே கெடுக்கப் போதுமானது. அதனால்தான் குப்பியை நைட்ரஜன் அடைத்து மூடுகிறார்கள். மற்ற மருந்துகளில், எடுக்கப்போகும் அளவுக்குக் காற்றை உள்ளே தள்ளிவிட்டு மருந்தை இழுப்போம். கைக்குப் பழகிய வேலை. இங்கே அது கூடவே கூடாது. சிரிஞ்சில் குமிழி இல்லாமல் பெர்டெக்னிடேட்டை விடுங்கள், ஊசியை எடுக்கும் முன் அதே அளவு வாயுவைத் திரும்ப இழுத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் இறங்கட்டும் என்று இரண்டாவது ஊசி குத்தி வைக்காதீர்கள். காலையில் நன்றாக இருந்த குப்பி பிற்பகலில் கெடுவது பெரும்பாலும் இப்படித்தான்.

இனி திங்கட்கிழமை. ஜெனரேட்டருக்குள் இருப்பது, பெலிண்டாபாவின் சஃபாரி-1 போன்ற அணு உலைகளில் யுரேனியப் பிளவில் கிடைக்கும் மாலிப்டினம்-99. அரை ஆயுள் 66 மணி. அது சிதைந்துதான் ஸ்கேனுக்கு வேண்டிய டெக்னீசியம்-99எம் உண்டாகிறது. அலுமினாவில் (அலுமினிய ஆக்சைடு) மாலிப்டினம் இரட்டை மின்சுமையோடு ஒட்டி நிற்கும். ஒற்றை மின்சுமை உள்ள பெர்டெக்னிடேட்டை மட்டும் 0.9% உப்பு நீர் கழுவிக்கொண்டு வரும். வெள்ளிக்கிழமை கறந்துவிட்டு மூன்று நாள் விட்டால், 6 மணி அரை ஆயுளுள்ள டெக்னீசியம்-99எம்மில் பெரும்பகுதி டெக்னீசியம்-99 ஆகிவிடும். அதன் அரை ஆயுள் சுமார் 2,11,000 ஆண்டு. கேமராவுக்கு அது பயன்படாது, வெள்ளீயத்துக்கோ இரண்டும் ஒன்றே, இரண்டுக்கும் எலக்ட்ரான் கொடுத்தாக வேண்டும். 24 மணிக்குப் பின் கறந்தால் டெக்னீசிய அணுக்களில் 28% 99எம். 72 மணிக்குப் பின் வெறும் 8%.

ஆனாலும் அளவைப் பாருங்கள். 1 கிகாபெக்கரல் (கதிரியக்க அளவு) 99எம் என்பது 5 நானோகிராம். அதைப்போல் பதின்மூன்று மடங்கு டெக்னீசியம் வந்தாலும் 1 மில்லிகிராம் வெள்ளீய உப்பு அசையாது. மூளை ஸ்கேனுக்கான எச்.எம்.பி.ஏ.ஓ. வேறு கதை. அந்தக் கிட்டில் வெள்ளீய உப்பு 7.6 மைக்ரோகிராம்தான் இருக்கும், அங்கே மூத்தவர்கள் சொல்வது முழுக்கச் சரி. முந்தைய 24 மணிக்குள் ஒருமுறை கறந்த ஜெனரேட்டராக இருக்க வேண்டும். ஞாயிறு கறக்க ஆளில்லை என்றால், திங்கள் முதல் கறவையை வேறு வேலைக்கு வைத்துக்கொண்டு ஆறு மணி கழித்து மறுபடி கறங்கள். ஏறக்குறைய பாதி கிடைக்கும்.

எதுவானாலும் ஊசி போடும் முன் சோதித்திருந்தால் அந்தப் பாட்டிக்கு வீண் கதிர்வீச்சும் இல்லை, வீண் அலைச்சலும் இல்லை. இரண்டு சிலிக்கா ஜெல் பட்டை எடுங்கள். அடியிலிருந்து 1 செ.மீ. மேலே ஒரு துளி. ஒன்றை அசிட்டோனில், மற்றதை உப்பு நீரில் நிறுத்துங்கள். திரவ மட்டம் துளிக்குக் கீழே இருக்கட்டும். அசிட்டோனில் உச்சிக்கு ஏறுவது சேராத பெர்டெக்னிடேட். உப்பு நீரில் அடியிலேயே நிற்பது டெக்னீசியம் டைஆக்சைடு, கல்லீரலில் தெரிவது அதுதான். பட்டைகளை வெட்டி, துண்டுகளின் கதிரியக்கத்தைக் கருவியில் எண்ணுங்கள். இவை இரண்டும் சேர்ந்து 10%ஐத் தாண்டினால் குப்பியை ஒதுக்கிவிடுங்கள். துளியை வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடாதீர்கள். காற்றில் காயும் துளியிலேயே பெர்டெக்னிடேட் உண்டாகி, நல்ல மருந்தும் கெட்டதாகத் தெரியும்.