பையைப் பிரிக்காமலே உள்ளே இருப்பது போதைப்பொருளா என்று லேசர் கருவி எப்படிச் சொல்கிறது?

கையடக்கக் கருவிகளில் பெரும்பாலானவை ராமன் விளைவை வைத்தே வேலை செய்கின்றன. ஆமாம், 1928-இல் சர் சி. வி. ராமன் கண்டறிந்த அதே விளைவுதான். அவர் சூரிய ஒளியை வைத்துப் பார்த்தார், இங்கே லேசர்.

ஒரு பொருளின் மீது ஒற்றை நிற ஒளி பட்டால், சிதறும் ஒளியில் பெரும்பகுதி அதே நிறத்தில்தான் திரும்பும். கோடியில் ஒரு ஒளித்துகள் அளவுக்கு மட்டும், மூலக்கூறின் அதிர்வோடு ஆற்றலைப் பரிமாறிக்கொண்டு சற்றே நிறம் மாறி வரும். அந்த மாற்றம் மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடும், கைரேகை மாதிரி. கருவி அதைத் தன் நினைவகத்திலுள்ள பதிவுகளோடு ஒப்பிட்டு, சில நொடிகளில் பெயரைக் காட்டும். கண்ணாடியும் மெல்லிய, தெளிவான பிளாஸ்டிக்கும் தடையில்லை என்பதால் பையைப் பிரிக்க வேண்டியதில்லை. மிகச் சிறு அளவிலேயே உயிரைப் பறிக்கக்கூடிய ஃபென்டனில் போன்ற செயற்கைப் போதைப்பொருள்களில் இது சோதிப்பவருக்குப் பாதுகாப்பு.

ஆனால் திரையில் வருவதே தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சர்க்கரைப் பொடியில் ஓரிரு சதவீதம் மட்டும் ஃபென்டனில் கலந்திருந்தால், கருவிக்குச் சர்க்கரைதான் தெரியும். பழுப்பு நிற ஹெராயினில் இன்னொரு தொல்லை: லேசர் பட்டதும் அது தானே ஒளிர்ந்து ராமன் சமிக்ஞையை மூழ்கடித்துவிடும். வழக்கமான 785 நானோமீட்டர் அலைநீள லேசருக்குப் பதில் 1064 நானோமீட்டர் லேசர் அங்கே ஓரளவு கைகொடுக்கும். பதிவில் இல்லாத புதிய செயற்கைப் போதைப்பொருள் வந்தால் கருவி கைவிரித்துவிடும். கருநிறப் பொடி என்றால் லேசர் சூட்டில் பற்றிக்கொள்ளவும் கூடும், அதில் எச்சரிக்கை வேண்டும்.

அதனால் இதை முதற்கட்டச் சோதனையாகத்தான் கொள்ள வேண்டும். உறுதிப்படுத்துவது ஆய்வகத்தின் வேலை.