அப்பாவின் கூழும் கருவாடும்: சிறுநீரக நோயில் என்ன சமைப்பது?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. நாட்பட்ட சிறுநீரக நோய், மூன்றாம் நிலை. டயாலிசிஸ் இல்லை. உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ரத்தத்தில் பொட்டாசியமும் கூடவாம். உப்பில்லாமல் கொடுத்தால் கோப்பையைத் தள்ளி வைத்துவிடுகிறார். என்ன செய்ய? (வாசகி, சாவகச்சேரி)

பதில்: முதலில், அவருக்கென்று தனிச்சட்டி வைப்பதை விடுங்கள். எல்லாருக்கும் கருவாட்டுக் குழம்பு, அவருக்கு மட்டும் அவித்த பூசணி என்றால் யாருக்குச் சாப்பிட மனம் வரும்? நாளுக்கு 5 கிராம் உப்பு, அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி, சுகமாக இருப்பவருக்கே போதும். வீடு முழுக்கக் குறையுங்கள்.

இராச்சாப்பாட்டையே பாருங்கள். இடியப்ப மாவில் உப்பு, சொதியில் உப்பு, சம்பலில் உப்பு. முதலில் மாவில் நிறுத்துங்கள். சம்பலோடு பிசைந்தால் பெரிதாகத் தெரியாது. இரண்டு கிழமை போகட்டும், அப்புறம் சொதியில் குறைத்து, இறக்கியபின் கொஞ்சம் தேசிக்காய் விடுங்கள். சம்பல் கடைசியில். நாக்கு பழகச் சில கிழமைகள் எடுக்கும். ஒரேயடியாக நிறுத்தியதால்தான் அவர் கோப்பையைத் தள்ளுகிறார்.

கருவாடு ஊறவைத்தாலும் உப்பு முழுக்கப் போகாது. அதற்குப் பதில் பச்சை மீனில் ஒரு துண்டு, உள்ளி, மிளகு தூக்கலாகப் போட்டு. ஊறுகாய், மோர்மிளகாய், சூப் கட்டி வேண்டாம். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதை வாங்கவே வாங்காதீர்கள். அதில் பெரும்பாலும் பொட்டாசியம்தான் இருக்கும்.

சரி, கூழ்? ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) மாவை ஊறவைத்துத் தண்ணீரை இறுத்துத்தானே கரைக்கிறோம். மரவள்ளியையும் தோல் சீவி, சின்னதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கூழில் போடுங்கள். பொட்டாசியத்தில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடும், முழுக்க அல்ல. அதனால் அடுத்த ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் இறங்கிய பிறகு, டொக்டரைக் கேட்டு, எப்போதாவது ஒரு சின்னக் கோப்பை. அதுவரை இளநீரும் வேண்டாம்.

காமரங்காய் (நட்சத்திரப் பழம்) மட்டும் எந்தக் காலத்திலும் கூடாது. சிறுநீரகம் பழுதானவருக்கு அது மூளையைத் தாக்கி, விடாத விக்கல், வலிப்பு, சில வேளை மரணம்வரை கொண்டுபோகும். உறவினர் வீட்டில் சாறாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிப் பழக்குங்கள்.

எதை முதலில் விடலாம் என்று அப்பாவையே கேளுங்கள். அவர் சொல்வதிலிருந்து தொடங்கினால் சண்டை பாதி குறையும். பயத்தில் மீனையும் பருப்பையும் மொத்தமாக வெட்டிவிடாதீர்கள். எவ்வளவு சாப்பிடலாம் என்பது அவருடைய நிறையைப் பொறுத்தது. மூன்று நாள் சாப்பாட்டை எழுதி கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். நிறை குறைந்துகொண்டு போனால் அடுத்த தவணைவரை காத்திருக்க வேண்டாம்.