பத்தடி ஹாலுக்கு 55 இன்ச் தாங்குமா?

பெரிய டி.வி. வாங்குவது பற்றி வடசென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

எங்கள் ஹால் 10-க்கு 11 அடி. பழைய 32 இன்ச் டி.வி.யை மாற்ற வேண்டும். கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. 55 இன்ச் வாங்கினால் இவ்வளவு கிட்டத்தில் கண் கெட்டுவிடும் என்கிறார் மாமியார். 43 போதுமா?
*வாசகி, தண்டையார்பேட்டை*

பத்தடி தள்ளி உட்கார வேண்டும் என்பது பிக்சர் டியூப் காலத்துக் கணக்கு. அந்தப் படத்தில் கிட்டப் போனால் கோடு கோடாகத் தெரியும். 4கே டி.வி.யில் குறுக்கே 3840, நெடுக்கே 2160 புள்ளிகள் இருக்கின்றன. மூலைக்கு மூலை அளவைப் போல 1.2 முதல் 1.6 மடங்கு தூரம் இருந்தால் போதும். 55 இன்ச்சுக்கு இது ஐந்தரை அடியிலிருந்து ஏழேகால் அடி வரை. உங்கள் ஹாலில் சோபாவின் முதுகு, சுவரிலிருந்து டி.வி. முன்தள்ளும் அளவு எல்லாம் போக, கண்ணுக்கும் திரைக்கும் நடுவே ஏழு, ஏழரை அடி நிற்கும். 55 தாராளமாகப் பொருந்தும். 43 வாங்கினால் ஆறே மாதத்தில் 'கொஞ்சம் பெரிசா எடுத்திருக்கலாமோ' என்று தோன்றும். கண் எரிவதற்குக் காரணம் தூரம் அல்ல. விளக்கை அணைத்துவிட்டு, டி.வி. வெளிச்சத்தை முழுதாக வைத்து, இமைக்காமல் பார்ப்பதுதான். பின்னால் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

கடைக்குப் போகுமுன் அட்டைப்பெட்டியை வெட்டி 122 செ.மீ. அகலம், 69 செ.மீ. உயரத்தில் ஒரு துண்டு செய்து சுவரில் ஒட்டிப் பாருங்கள். ஷோரூமின் பெரிய கூடத்தில் 55 இன்ச் சின்னதாகத் தெரியும். அங்கே நின்று அளவை முடிவு செய்யக் கூடாது. மாடிப்படியையும் அளந்துகொள்ளுங்கள். பெட்டி ஏறக்குறைய நாலரை அடி நீளம். நம் பக்கத்து ஒடுக்கமான படிகளில் திருப்பத்தில் மாட்டிக்கொண்டால், ஆட்கள் அதைப் படுக்க வைத்துத் தூக்கப் பார்ப்பார்கள். விடாதீர்கள். எப்போதும் நிமிர்த்தித்தான் தூக்க வேண்டும். படுக்க வைத்தால் கண்ணாடி நடுவில் வளைந்து உள்ளுக்குள்ளே விரிசல் விடும். மாட்டி ஆன் செய்யும்போதுதான் தெரியும். அப்போது கடைக்காரர் உங்களைக் கைகாட்டுவார்.

40,000-ஐ முழுக்க டி.வி.யிலேயே போடாமல் ஐந்தாயிரத்தைத் தனியே வையுங்கள். சுவரில் மாட்டும் பிராக்கெட், மின் பாதுகாப்பு, சின்ன சவுண்ட்பார் இவற்றுக்கு ஆகும். மெல்லிய டி.வி.களின் ஸ்பீக்கர் பெரும்பாலும் கீழ்நோக்கியே இருக்கும். ஃபேன் சத்தத்தில் வசனம் அமுங்கிவிடும். டி.வி.யில் பார்க்க வேண்டியவை: ரேம் 2 ஜி.பி.க்குக் குறையக் கூடாது. ஸ்டோரேஜ் 8 ஜி.பி. என்றால் ஆப்களே அதை நிரப்பிவிடும், 16 கேளுங்கள். எச்.டி.எம்.ஐ. மூன்று, அதில் ஒன்று ஏ.ஆர்.சி. (டி.வி. சத்தத்தைச் சவுண்ட்பாருக்கு அனுப்பும் துளை) என்று போட்டது. வைஃபை 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டு பேண்டும் பிடிக்க வேண்டும், 2.4 மட்டும் பிடிக்கிற டி.வி., வீட்டுக்கு வீடு ரூட்டர் இருக்கும் அடுக்குமாடியில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, பக்கவாட்டுக் கோணம். சின்ன ஹாலில் எல்லோருமா நேர் எதிரே உட்காருகிறார்கள்? சமையலறை வாசலில் ஒருவர், கட்டில் ஓரத்தில் ஒருவர். வி.ஏ. பேனலில் கறுப்பு நன்றாக இருக்கும், பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். ஐ.பி.எஸ். பேனலில் நிறம் நிற்கும், இருட்டில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். விற்பவருக்குத் தெரியாவிட்டால் நீங்களே டி.வி.க்குச் சாய்வாக நின்று முகங்களின் நிறத்தைப் பாருங்கள். டெமோ வீடியோவை நிறுத்தச் சொல்லி, ஒரு சாதாரண சேனலைப் போடச் சொல்லுங்கள். 'விவிட்' மோடை 'ஸ்டாண்டர்ட்' ஆக்கச் சொல்லுங்கள். அப்போது தெரிவதுதான் உங்கள் வீட்டில் தெரியப்போகும் படம்.

விலை விஷயம். 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டி.வி.களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. வரியில்லாமல் 30,000 ரூபாய் டி.வி., முன்பு 38,400, இப்போது 35,400. இந்த மூவாயிரத்தைக் கடை தந்த ஆஃபராகக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கியூ.எல்.இ.டி. என்றால் என்ன? எட்டாயிரம் கூடக் கேட்கிறார்கள்.
*வாசகர், பெரம்பூர்*

அதே எல்.சி.டி. பேனல்தான், பின்விளக்குக்கும் திரைக்கும் நடுவே நிறத்தைத் துலக்கும் ஒரு படலம் கூடுதல். பெயரைப் பார்த்து ஓ.எல்.இ.டி. என்று நினைத்துவிட வேண்டாம், அது ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிற வேறு சாதி. பட்ஜெட் டி.வி.யில் கியூ.எல்.இ.டி.க்கு ஆயிரம், இரண்டாயிரம் கூடத் தரலாம். எட்டாயிரம் என்றால் அந்தப் பணத்தில் அளவைக் கூட்டுங்கள். வெளிச்சமும் இருட்டும் எடுப்பாகத் தெரியும் என்று ஒட்டுகிற எச்.டி.ஆர். ஸ்டிக்கரும் அப்படித்தான்: 250, 300 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) மட்டுமே உள்ள டி.வி.யில் அது இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான்.

புது 4கே டி.வி.யில் கேபிள் சேனல் எல்லாம் கலங்கலாகத் தெரிகிறது. பழைய 32 இன்ச்சே தேவலை. டி.வி. பழுதா?
*வாசகர், வியாசர்பாடி*

பழுது இல்லை. சாதாரண எஸ்.டி. சேனல் 720-க்கு 576 புள்ளி. உங்கள் டி.வி. அதைச் சரியாக 20 மடங்கு புள்ளிகளுக்கு இழுத்துக் காட்டுகிறது. ஒரு குவளைப் பாலில் இருபது குவளை தண்ணீர் ஊற்றினால் எப்படி இருக்கும்?

முதலில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரைக் கழற்றுங்கள். பாக்ஸில் எச்.டி.எம்.ஐ. இருந்தால் அதில் போடுங்கள். இல்லையென்றால் ஆபரேட்டரிடம் எச்.டி. பாக்ஸ் கேளுங்கள். பாக்ஸ் மெனுவில் அவுட்புட்டை '1080i' என்று ஆக்குங்கள். பிறகு டி.வி.யில் ஷார்ப்னெஸை 50-லிருந்து 10-க்கோ பூஜ்யத்துக்கோ இறக்குங்கள். இதைப் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள்: மங்கலாகத் தெரிகிறதே என்று ஏற்ற ஏற்ற, எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு விழுந்து இன்னும் அசிங்கமாகும். நாய்ஸ் ரிடக்‌ஷனை 'மீடியம்' வையுங்கள். பாக்ஸ் எச்.டி. ஆனாலும் சேனல் எஸ்.டி. ஆக இருந்தால் படம் எஸ்.டி.தான், தினம் பார்க்கிற நாலைந்து சேனலுக்கு மட்டும் எச்.டி. கேட்டு வாங்கினால் போதும்.

ராயபுரத்தில் பழைய வீடு. சுவரில் உப்பு பூத்து சுண்ணாம்பு உதிர்கிறது. 55 இன்ச் டி.வி.யைச் சுவரில் மாட்டலாமா?
*வாசகர், ராயபுரம்*

மாட்டலாம், ஆனால் கம்பெனி ஆள் பத்து நிமிஷத்தில் நாலு ஓட்டை போட்டுவிட்டுப் போகிற வேலை இல்லை இது. டி.வி. எடை 12 முதல் 15 கிலோதான். பிரச்சினை எடையில் இல்லை, பூச்சில் இருக்கிறது. அந்தக் காலத்துச் சுண்ணாம்புப் பூச்சு ஒரு இன்ச்சுக்கு மேலும் இருக்கும். பிராக்கெட்டோடு கொடுக்கிற, ஸ்க்ரூவைப் பிடிக்கும் சின்ன பிளாஸ்டிக் பிளக் பூச்சுக்குள்ளேயே நின்றுவிடும். மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் பூச்சோடு சேர்ந்து வந்துவிடும்.

நாணயத்தால் சுவரைத் தட்டிக்கொண்டே போங்கள். 'டொப்' என்று உள்ளே காலியாக இருப்பதுபோல் கேட்கும் இடத்தில் பூச்சு செங்கல்லை விட்டுவிட்டது. கெட்டியாகக் கேட்கும் இடத்தில் 10 மி.மீ. பிட், ஹாமர் இல்லாமல் வெறும் சுழற்சியில் துளையிடச் சொல்லுங்கள். பழைய செங்கல் ஹாமரில் பிளந்துவிடும். வெளியே வரும் தூளைக் கவனியுங்கள். முதலில் வெள்ளை, பிறகு சிவப்பு வந்தால் செங்கல்லைத் தொட்டாயிற்று. வெள்ளையே வந்துகொண்டிருந்தால் இரண்டு செங்கல்லுக்கு நடுவே சாந்தில் போகிறது. ஒன்றரை இன்ச் தள்ளிப் போடுங்கள். செங்கல்லுக்குள் 50 மி.மீ. ஆவது இறங்க வேண்டும். அதனால் பிளக்கும் ஸ்க்ரூவும் 80 மி.மீ. நீளம், அதுவும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கடல் காற்றில் சாதா ஸ்க்ரூ துருப்பிடித்துத் தலை கழன்றுவிடும்.

நாலு நல்ல இடம் அமையவில்லையா? முக்கால் இன்ச் பிளைவுட் பலகை, 3 அடிக்கு ஒன்றரை அடி வாங்கி, கெட்டியாக உள்ள எட்டு இடங்களில் சுவரோடு முடுக்கி, அதன்மேல் பிராக்கெட்டைப் பொருத்துங்கள். எடை பிரிந்து நிற்கும், ஈரச் சுவரிலிருந்து டி.வி.யும் சற்று விலகியிருக்கும். இழுத்துத் திருப்புகிற கை வைத்த பிராக்கெட் பழைய சுவருக்கு ஆகாது. இழுக்கும்போது மேல் ஸ்க்ரூக்கள் நெம்பப்படும். குளியலறைக்கு மறுபுறம் உள்ள சுவர் வேண்டவே வேண்டாம். டி.வி.யின் முதுகில் போடும் ஸ்க்ரூ பெரும்பாலும் 6 மி.மீ. தடிமன்; கம்பெனி சொன்ன நீளத்தைவிடக் கூடினால் உள்ளே போய் பேனலையே குத்தும்.

உயரத்தையும் சொல்லிவிடுகிறோம். எல்லோரும் ஆறடியில் கடிகாரம் மாட்டுவதுபோல மாட்டுகிறார்கள், பிறகு கழுத்து வலி. சோபாவில் உட்கார்ந்தால் கண் ஏறக்குறைய 105 செ.மீ., பாயில் உட்கார்ந்தால் 75, 80. உங்கள் வீட்டில் இரண்டும் உண்டு என்றால் திரையின் நடு 95 செ.மீ.யில் இருக்கட்டும்; அப்போது டி.வி.யின் கீழ் விளிம்பு தரையிலிருந்து இரண்டடி.

மேஜையில் வைப்பதாக இருந்தால் வாங்குமுன் கால்களின் இடைவெளியைக் கேளுங்கள். பல 55 இன்ச் மாடல்களில் கால்கள் இரண்டு ஓரத்தில், ஒரு மீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கும். மூன்றடி மேஜையில் ஒரு கால் அந்தரத்தில் நிற்கும்.

ஸ்டெபிலைசர் தேவையில்லை என்கிறார் கடைக்காரர், எலக்ட்ரீஷியன் தேவை என்கிறார். யார் சொல்வது சரி? கரண்ட் பில் எகிறுமா?
*வாசகி, கொருக்குப்பேட்டை*

இருவருமே பாதி சரி. டி.வி.யின் முதுகில் 100–240 வோல்ட் என்று போட்டிருந்தால் வோல்டேஜ் இறங்குவதை அதுவே சமாளிக்கும். ஆபத்து ஏறுவதில் இருக்கிறது. கம்பத்திலோ மீட்டர் போர்டிலோ பொது நியூட்ரல் விட்டுப்போனால் 230 வரவேண்டிய இடத்தில் 400-ஐ ஒட்டிக்கூட வரும். உங்கள் வீட்டு பல்பு பளீரென்று எரிந்து, பக்கத்து வீட்டில் மங்கினால் அதுதான். உடனே மெயினை அணையுங்கள். ஸ்பைக் கார்டு இதைத் தடுக்காது. அது கணப்பொழுது எகிறலுக்கு மட்டும். தொடர்ந்து 400 வந்தால் முதலில் அதுதான் கருகும். 270-க்கு மேல் தானே துண்டிக்கும் ஹை-கட் உள்ள டி.வி. ஸ்டெபிலைசரோ, மீட்டருக்குப் பக்கத்தில் வோல்டேஜ் புரொடெக்டரோ போடுங்கள். இடி இடித்தால் பிளக்கோடு கேபிள் ஒயரையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

பில்: 120 வாட் டி.வி. தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட், இரண்டு மாதத்துக்கு 36.

ரிச்சி தெருவில் அசெம்பிள் டி.வி. பாதி விலைக்குக் கிடைக்கிறதாமே?
*வாசகர், மூலக்கடை*

ஆர் எழுத்தும் எட்டு இலக்கமும் கொண்ட பி.ஐ.எஸ். பதிவு எண் முதுகில் இருக்கிறதா, ஜி.எஸ்.டி. பில் தருவாரா என்று கேளுங்கள். இரண்டும் இல்லாவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள். அதில் போடுவது பெரும்பாலும் கழித்துக்கட்டிய பேனல். பர்மா பஜாரில் பில்லில்லாமல் வாங்கினாலும் இதே கதைதான்.

மூன்று வருஷ டி.வி. சத்தம் வருகிறது, படம் இல்லை. பேனல் போய்விட்டது, புதுசு வாங்குங்கள் என்கிறார் மெக்கானிக்.
*வாசகர், திருவொற்றியூர்*

அறையை இருட்டாக்கி, டி.வி.யை ஓடவிட்டு, டார்ச்சைத் திரைக்குச் சாய்வாக அடியுங்கள். மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால் பேனல் உயிரோடு இருக்கிறது, போனது பின்விளக்கு. எல்.இ.டி. பட்டைகள் தொடராக இணைந்தவை, ஒரு பல்பு போனால் மொத்தமும் அணையும். பட்டை மாற்றும் செலவு புது டி.வி.யோடு ஒப்பிட்டால் சொற்பம். போன ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லாமல் முழு செட்டையும் மாற்றுங்கள். மற்றவையும் அதே நேரம் எரிந்து தேய்ந்தவைதான். இந்த வேலைக்குப் பேனலைக் கழற்றித் தனியே வைக்க வேண்டும். அது உடைந்தால் யார் பொறுப்பு என்று பேசிவிட்டுக் கொடுங்கள். மாற்றிய பிறகு பேக்லைட்டை 100-லேயே விடாமல் 60, 70-இல் வையுங்கள். பட்டை சீக்கிரம் போவதற்குச் சூடு முக்கியக் காரணம்.

திரையில் வெள்ளை வட்டங்கள் மட்டும் தெரிந்தால் பல்பின் மேலுள்ள லென்ஸ் கழன்று விழுந்திருக்கும், அது சின்ன வேலை. நெடுக்காகக் கோடு விழுந்தால் பெரும்பாலும் மெக்கானிக் சொன்னதுதான் சரி.