டாய்ச்லாந்து எப்படி ஜெர்மனி ஆனது? கேள்வி பதில்

கேள்வி: என் தபால்தலைத் தொகுப்பில் 'டாய்ச்லாந்து' என்று அச்சிட்ட தலைகள் நிறைய இருக்கின்றன, 'ஜெர்மனி' என்று ஒன்றுகூட இல்லை. அந்நாட்டார் தங்கள் பெயரை மாற்றிக்கொண்டார்களா?

பதில்: அவர்கள் மாற்றவில்லை, நாம்தான் வேறு பெயரால் அழைத்து வருகிறோம். 'டாய்ச்' என்ற சொல், மக்கள் என்று பொருள்படும் பழைய ஜெர்மானிய வேரிலிருந்து வந்தது. திருச்சபையும் கற்றோரும் எழுதிய லத்தீனிலிருந்து மக்களின் பேச்சு மொழியைப் பிரித்துக் காட்டவே அது வழங்கியது. லத்தீன் உருவம் பெற்று 'தியோடிஸ்கஸ்' என்று 786ஆம் ஆண்டின் ஆவணம் ஒன்றில் அது காணப்படுகிறது. வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்தில் கூடிய திருச்சபைப் பேரவையின் தீர்மானங்கள் லத்தீனிலும் மக்கள் மொழியிலும் வாசிக்கப்பட்டன என்று கூறும் அந்த இடத்தில், அச்சொல் குறிப்பது பழைய ஆங்கிலத்தை! மொழியைச் சுட்டிய சொல் பிறகு அதைப் பேசுவோருக்கும், கடைசியில் அவர்களுடைய நாட்டுக்கும் ஆகி வந்தது. தமிழ், தமிழர், தமிழ்நாடு என்ற வரிசை நமக்குப் பழக்கமானதுதானே.

கேள்வி: அப்படியானால் ஆங்கிலத்தில் நெதர்லாந்துக்காரர்களைக் குறிக்கும் 'டச்சு' என்ற சொல்லும் இதுதானா?

பதில்: இதுவேதான். முற்காலத்தில் ஆங்கிலேயர் இரு நாட்டாரையும் அப்படியே அழைத்தனர். 17ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தோடு வணிகமும் போருமாகப் புழங்கியபோது பெயர் அவர்களிடமே தங்கிவிட்டது. ஜப்பானியரின் 'டோய்ட்சு' டச்சுக்காரர் வழியாகச் சென்ற வடிவம். சீனர் 'தெகுவோ' என்பர். ஒலிக்காக எடுத்துக்கொண்ட 'தெ' என்னும் எழுத்துக்கு அவர்கள் மொழியில் அறம் என்று பொருள் அமைந்தது நல்ல வாய்ப்பு. இத்தாலியர் நாட்டை 'ஜெர்மானியா' என்றும் அந்நாட்டவனைத் 'தெதெஸ்கோ' என்றும் அழைக்கிறார்கள். இரண்டாவது சொல், மேலே கண்ட 'தியோடிஸ்கஸ்' தேய்ந்து வந்த வடிவம்.

கேள்வி: 'ஜெர்மனி' என்ற பெயரை வைத்தவர் யார்?

பதில்: பரப்பியவர்கள் ரோமானியர். ரைன் ஆற்றுக்குக் கிழக்கே இருந்த நிலத்தை 'கெர்மானியா' என்று ஜூலியஸ் சீசர் தம் போர்க் குறிப்புகளில் எழுதினார். கி.பி. 98இல் அந்நிலத்தைப் பற்றித் தனி நூலே எழுதிய ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ், முதலில் ரைனைக் கடந்துவந்த ஒரே ஒரு குழுவின் பெயர்தான் பின்னர் அனைவருக்கும் ஆயிற்று என்கிறார். அந்தப் பழங்குடிகள் தம்மை ஒரே பெயரால் அழைத்துக்கொண்டதற்குச் சான்று இல்லை.

கேள்வி: பிரெஞ்சில் 'அல்மாஞ்', ஃபின்னிஷ் மொழியில் 'சாக்சா'. இவை இரண்டும் எங்கிருந்து வந்தன?

பதில்: இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: வேலிக்கு அந்தப்புறம் யார் இருந்தாரோ அவர் பெயரே ஊர் முழுவதற்கும் ஆயிற்று. ரைனின் மேற்பகுதியில், இன்றைய பிரான்சு நிலத்தில் வாழ்ந்த 'கால்' இன மக்களுக்கு அண்டை வீட்டாராக இருந்தவர்கள் அலமான்னியர். 'எல்லா மனிதரும்' என்று அப்பெயருக்குப் பொருள் சொல்வார்கள். ஸ்பானியரின் 'அலெமானியா', துருக்கியரின் 'அல்மான்யா', அரபியரின் 'அல்மானியா' எல்லாம் இந்தக் கிளை. பால்டிக் கடற்கரைக்கு வந்தவர்களோ சாக்சன்கள். ஆகவே ஃபின்லாந்தில் 'சாக்சா', எஸ்டோனியாவில் 'சாக்சாமா'. அதே சாக்சன்களில் ஒரு பகுதியினர் கடல் கடந்து பிரிட்டனில் குடியேறியதால், வேல்ஸ் மொழியில் 'சைசன்' என்றால் ஆங்கிலேயர். இதைப் புரிந்துகொள்ள நமக்கு வெளியுதாரணம் தேவையில்லை. கிரேக்கரில் பாரசீகர் முதலில் கண்டவர்கள் அயோனியர். அவர்கள் பெயர் 'யவுனா' என்றும் 'யவனர்' என்றும் மாறிக் கிழக்கு நோக்கி வந்து சங்கப் பாடல்களுக்குள் நுழைந்திருக்கிறது.

கேள்வி: போலந்து நண்பர் ஒருவர் 'நியெம்ட்சி' என்றார். அதற்கு ஊமைகள் என்று பொருளாமே? இது வசைச்சொல் இல்லையா?

பதில்: பொருள் உண்மைதான்; இன்று வசையாக யாரும் எண்ணுவதில்லை. ஊமை என்னும் பொருளுடைய பழைய ஸ்லாவிய (போலிஷ், செக், ரஷ்யன் முதலியவை சேர்ந்த மொழிக்குடும்பம்) வேரிலிருந்து அப்பெயர் பிறந்தது. செக்கின் 'நெமெட்ஸ்கோ', செர்பியாவின் 'நெமாச்கா', ஹங்கேரிய மொழி கடன் வாங்கிய 'நேமெட்ஓர்சாக்' ஆகியவை இதன் கிளைகள். ரஷ்யர் நாட்டை 'கெர்மானியா' என்று சொல்லிவிட்டு, ஆளை மட்டும் 'நேமெத்ஸ்' என்கிறார்கள். முற்கால ரஷ்யாவில் அது மேற்கிலிருந்து வந்த எந்த அந்நியனையும் குறித்தது. தன் மொழி தெரியாதவன் வாயிருந்தும் ஊமை என்பதே உள்ளே இருக்கும் எண்ணம். ஸ்லாவ் என்ற இனப் பெயரையே, சொல் என்று பொருள்படும் 'ஸ்லோவோ'வோடு இணைத்துப் பலர் விளக்குகின்றனர்.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் முல்லைப்பாட்டு நினைவுக்கு வரும். பாசறையில் அரசனின் பள்ளியறை அருகே நிற்கும் அயல்நாட்டாரை அப்பாட்டு, "உடம்பின் உரைக்கும் உரையா நாவின் படம்புகு மிலேச்சர்" என்கிறது. நாவால் பேசாமல் உடலசைவால் செய்தி சொல்பவர்கள் என்று பொருள். போலந்துக்காரரின் சொல்லுக்கு இதைவிடச் சிறந்த உரை எழுத முடியாது. சில அடிகளுக்கு முன்னால்தான் வன்கண் யவனரும் வருகிறார்கள்.

ஒரு கிளைச் செய்தி: அரபு மொழியில் 'அன்நிம்சா' என்றால் ஜெர்மனி அல்ல, ஆஸ்திரியா. ஒட்டோமானியர் ஆஸ்திரியரை 'நெம்சே' என்றழைத்ததன் எச்சம் அது.

கேள்வி: லாட்விய மொழியில் 'வாட்சியா', லித்துவேனிய மொழியில் 'வோகியெதியா' என்கிறார்களே?

பதில்: இவை இரண்டும் தமக்குள் உறவுடையவை, மேலே சொன்ன எந்தக் கிளையிலும் சேராதவை. மூலம் பற்றி ஆய்வாளரிடையே உடன்பாடு இல்லை.

கேள்வி: தமிழில் ஜெர்மனி, செருமனி, இடாய்ச்சுலாந்து என்று மூன்று வடிவங்களைக் காண்கிறேன். எது சரி?

பதில்: முதல் வடிவம் ஆங்கில ஒலிப்பை ஒட்டியது, இரண்டாவது, அதே சொல்லில் கிரந்த எழுத்தை நீக்கியது, மூன்றாவது அந்நாட்டாரின் சொல்லை எடுத்து, டகரம் மொழிக்கு முதலில் வராது என்ற இலக்கணப்படி முன்னே இகரம் சேர்த்தது. மூன்றும் பிழையற்றவை. படிப்பவர் தடுக்கி விழக்கூடாது என்பதால் நான் ஜெர்மனி என்றே எழுதுகிறேன். ஒரே கட்டுரையில் மூன்றையும் மாற்றி மாற்றி எழுதுவதைத்தான் குறை சொல்வேன்.

கேள்வி: துருக்கி தன்னைத் 'துர்க்கியே' என்று அழைக்கச் சொல்லி, 2022இல் ஐக்கிய நாடுகள் அவையும் அதை ஏற்றது. ஜெர்மனியும் அப்படிக் கேட்கலாமே?

பதில்: கேட்க உரிமை உண்டு. ஆனால் அந்நாட்டுக் கடவுச்சீட்டைத் திறந்து பாருங்கள். விவரப் பக்கத்தில் ஜெர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றிலும் நாட்டின் முழுப்பெயர் இருக்கிறது: ஒன்றில் டாய்ச்லாந்து, அடுத்ததில் ஜெர்மனி, அதற்கடுத்ததில் அல்மாஞ். மக்களின் மொழி, ரோமானியர் பரப்பிய பெயர், ஓர் அண்டைக் குழு என்று மூன்று வேர்களையும் அரசே ஒரே தாளில் அச்சிட்டுத் தருகிறது.