புல் போட்டு எப்போது மூடலாம்?

கேள்வி: எங்களுக்கும் பங்காளி வீட்டுக்கும் ஒரே வாய்க்கால். முறைத் தண்ணீரில் ஆரம்பித்த சண்டை, வார்த்தை தடித்து, இரண்டு வருஷமாகப் பேச்சே இல்லை. ‘நடந்ததை மறந்துட்டுக் கை குடுங்கப்பா’ என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். பௌத்தத்திலும் இப்படி மறக்கச் சொல்லும் முறை உண்டாமே?
(தென்னை விவசாயி, கொழிஞ்சாம்பாறை)

பதில்: உண்டு. பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் அதன் பெயர் ‘திணவத்தாரகம்’, அதாவது புல்லால் மூடுதல். மலத்தைக் கிளறினால் நாறும், புல் போட்டு மூடினால் அடங்கும் என்பது உரைகாரர் தரும் விளக்கம். ஆனால் பிக்குகளுக்கான 227 விதிகளில் கடைசி ஏழு, தகராறு தீர்க்கும் முறைகள். அந்த ஏழிலும் கடைசியாக நிற்பது இது. பெரியவர்கள் உங்களை நேராகக் கடைசிப் படிக்குக் கூப்பிடுகிறார்கள்.

முதல் படி ‘சம்முகா விநயம்’, அதாவது நேர் முன்னிலையில் தீர்ப்பது. நான்கு முன்னிலை வேண்டும்: தீர்ப்புச் சொல்லும் சபை, உண்மை, விதி, சண்டைக்காரர் இருவரும். உங்கள் விஷயத்தில் உண்மையும் விதியும் பாகப்பிரிவினைப் பத்திரத்திலும், யாருக்கு எத்தனை மணி நேரம் என்ற முறைக் கணக்கிலும் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு மடையிலேயே போய் உட்காருங்கள். திண்ணையில் பேசினால் மடையின் அகலம் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் வராமல் அவர் மச்சான் மட்டும் வந்தால் அன்றைக்குப் பேசவே வேண்டாம்.

அடுத்து, சண்டையைப் பிரியுங்கள். புத்தர் காலத்துக் குலங்களான சாக்கியரும் கோலியரும் ரோகிணி ஆற்றில் ஓர் அணையைப் பங்கிட்டு வந்ததாக உரைநூல்கள் சொல்லும் கதை உங்களுக்கு அப்படியே பொருந்தும். கோடையில் தண்ணீர் வற்றியது. ‘இன்னும் ஒரே ஒரு தண்ணீர் விட்டால் எங்கள் பயிர் தேறிவிடும், எங்களுக்கு விடுங்கள்’ என்றது ஒரு தரப்பு. எதிர்த்தரப்பும் அதையேதான் சொன்னது. கைகலப்பாகி, பேச்சு பிறப்பு வரைக்கும் போய், படை திரண்டது. எதற்குச் சண்டை என்று புத்தர் கேட்டபோது அரசர்களுக்கே தெரியவில்லை. ஒவ்வொருவராகக் கீழே விசாரித்து, வயலில் வேலை செய்தவர்களிடம் வந்த பிறகுதான் ‘தண்ணீர்’ என்ற பதில் கிடைத்தது. ஆகவே தோப்பில் நிஜமாகவே மடை திருப்புகிற ஆளை முதலில் விசாரியுங்கள். தண்ணீர்ப் பங்கு ஒரு வழக்கு, அது ‘விவாதம்’. ‘ராத்திரி மடையை அடைத்தான்’ என்பது வேறு வழக்கு, அது ‘குற்றச்சாட்டு’. இரண்டையும் ஒரே உட்காரலில் எடுத்தால் இரண்டும் தீராது.

குற்றச்சாட்டில் விநயம், அதாவது பிக்குகளின் ஒழுக்க விதி, கறார். செய்தவர் தன் வாயால் ஒப்புக்கொண்ட அளவுக்குத்தான் தண்டம். ஒப்புக்கொண்டது சின்னத் தப்பென்றால் பெரிய தப்புக்கு உரியதைச் சுமத்தக் கூடாது.

புல் போடுவது இதற்கப்புறம். இரு பக்கமும் பேசக் கூடாததைப் பேசி, ஒவ்வொன்றாக எண்ணப் போனால் சண்டை மறுபடி மூளும் என்ற நிலைக்குத்தான் அது. எல்லோரும் கூட வேண்டும். ஒவ்வொரு தரப்பிலும் விவரமான ஒருவர் முதலில் தன் ஆட்களிடம் சம்மதம் கேட்டு, பிறகு சபையில் தரப்பு முழுவதற்கும் சேர்த்துத் தப்பை ஒப்புக்கொள்வார். கனமான குற்றமும், இல்லறத்தாரைப் பாதித்த குற்றமும் இதில் மூடப்படாது. அங்கே வராதவருக்கும், ‘எனக்குச் சம்மதமில்லை’ என்று எழுந்து சொன்னவருக்கும் இது செல்லாது. ஆகவே தடித்த வார்த்தைகளுக்குப் புல் போடலாம். உடைத்த குழாய்க்குப் பணம் தர வேண்டும். தண்ணீர் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதையும் சேர்த்து மூடினால் அடுத்த கோடையில் நாறும்.

கேள்வி: எங்கள் விசைத்தறிக்காரர் சங்கத்தில் தமிழரும் தெலுங்கரும் இருக்கிறோம். எதற்கெடுத்தாலும் கை தூக்கி ஓட்டு. தோற்றவர்கள் அடுத்த மாதமே சந்தாவை நிறுத்துகிறார்கள். பௌத்த சங்கத்தில் ஓட்டு இருந்ததா?
(நகரி)

பதில்: இருந்தது. ‘சலாகை’ எனும் குச்சிகளை எடுப்பார்கள், ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு நிறம். உத்தரமேரூர்க் குடவோலையோடு இதைக் குழப்ப வேண்டாம். அது குலுக்கல், இது எண்ணிக்கை. குச்சி கொடுப்பவர் விருப்பம், வெறுப்பு, மயக்கம், பயம் நான்குக்கும் ஆட்படாதவராகவும், யார் எடுத்தார் யார் எடுக்கவில்லை என்று அறிந்தவராகவும் இருக்க வேண்டும். ரகசியமாக, காதோடு காதாக, பகிரங்கமாக என மூன்று வழிகள் உண்டு.

நீங்கள் கவனிக்க வேண்டியது, எதற்கு ஓட்டு என்பதை. கருத்து வேறுபாட்டுக்கு மட்டும்தான். ஒருவர் குற்றவாளியா என்பதைக் குச்சி எண்ணி முடிவு செய்வதில்லை. அற்ப விஷயத்துக்கும், இன்னும் முழுதாகப் பேசி முடிக்காத விஷயத்துக்கும் ஓட்டெடுப்பதே தவறு. சபையில் பேச்சு முடிவில்லாமல் நீண்டால், தகுதி பார்த்துச் சிறு குழுவிடம் ஒப்படைப்பார்கள். அதுவும் முடியாவிட்டால்தான் குச்சி. உங்கள் சங்கத்திலும் இரு மொழிக்காரரும் கலந்த குழுவை முதலில் போட்டுப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் பின்பற்றாதீர்கள். ரகசிய முறையில் தர்மத்துக்கு மாறானவர்கள் அதிகம் என்று தெரிந்தால், ‘சரியாக எடுக்கப்படவில்லை’ என்று குச்சி கொடுப்பவர் ஓட்டெடுப்பைத் தள்ளிவிடலாம். சந்தா கட்டுகிற சங்கத்தில் தலைவர் அப்படிச் செய்தால் அன்றோடு சங்கம் கலையும்.

கேள்வி: தப்பைச் சொன்னாலே தம்பி எகிறுகிறான். எப்படிச் சொல்வது?
(வேலந்தாவளம்)

பதில்: ஐந்து பாருங்கள்: நேரம், உண்மை, மென்மை, பயன், அன்பு. பெரும்பாலும் கோட்டை விடுவது முதலாவதில். சாப்பாட்டு இலைக்கு முன்னாலும், அவன் மனைவி மக்கள் இருக்கும்போதும் சொல்லாதீர்கள்.