பரிந்துரைக் கடிதம் – ஒரு பதில்

அன்புள்ள ஐயா,

திருநெல்வேலி பக்கம் ஒரு கல்லூரியில் ஈசிஇ (மின்னணு-தொடர்பியல்) இறுதியாண்டு படிக்கிறேன். சிஜிபிஏ (மதிப்பெண் சராசரி) 9.1, மேல்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வில் 326, ஒரு மாநாட்டுக் கட்டுரை. எம்ஐடி, ஸ்டான்ஃபோர்ட், பெர்க்லி மூன்றுக்கும் நேரடியாக பிஎச்டிக்கு விண்ணப்பிக்கிறேன். கன்சல்டன்சியில் மூன்றையுமே ‘ஆம்பிஷியஸ்’, அதாவது கிடைப்பது கடினம் என்கிறார்கள். எனக்கு எத்தனை சதவீதம் வாய்ப்பு? பரிந்துரைக் கடிதங்களை ஆசிரியர்கள் என்னையே எழுதி வரச் சொல்லிவிட்டார்கள், அதனால் அந்த வேலை முடிந்தது.

ரா.

அன்புள்ள ரா.,

உங்கள் கடைசி வரியில் நின்றுவிட்டேன். கொஞ்ச நாளாக என் மனதில் கிடப்பதும் அதுதான்.

ஜிஆர்இயை விடுங்கள். எம்ஐடியின் மின்பொறியியல்-கணினித் துறை அதைக் கேட்பதே இல்லை. சிஜிபிஏ போதும். ‘ஆம்பிஷியஸ், மாடரேட், சேஃப்’ பட்டியலெல்லாம் பணம் கட்டி எம்எஸ் (முதுநிலைப் படிப்பு) போகிறவர்களுக்கு. பிஎச்டியில் உங்களுக்கான சம்பளம் பெரும்பாலும் ஒரு பேராசிரியரின் ஆராய்ச்சி நிதியிலிருந்து வருகிறது. இந்த வருடம் அவர் கையில் நிதி இருக்கிறதா என்பது உங்கள் மார்க்ஷீட்டில் இல்லை. சதவீதத்தை நான் எங்கே போய்த் தேடுவது?

ஐந்தாறு வருடம் உங்களைத் தன் லேபில் வைத்துக்கொள்ளப் போகிறவருக்கு ஒன்று தெரியவேண்டும்: சோதனை மூன்று மாதம் படுத்துவிட்டால் இந்தப் பிள்ளை என்ன செய்யும்? அதைக் கூட இருந்து பார்த்தவர்தான் சொல்லமுடியும். மூன்று கடிதம் கேட்பது அதற்காக. விண்ணப்பத்தில் இன்னொரு கட்டமும் வரும், ‘இக்கடிதத்தைப் படிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்’ என்று. 1974இல் வந்த அமெரிக்கச் சட்டம் மாணவருக்குத் தந்த உரிமை அது. நீங்களே எழுதிய கடிதத்தைப் படிக்கமாட்டேன் என்று கையெழுத்துப் போடுவீர்களா? இது பொய், தம்பி. ஆசிரியர் சொன்னார் என்பதால் உண்மையாகிவிடாது.

கோபம் உங்கள்மேல் மட்டும் இல்லை. 1993இல் நானும் இதையே செய்தேன். ‘நான் கண்ட மாணவர்களில் முதல் ஐந்து சதவீதத்தில் ஒருவர்’ என்று என்னைப் பற்றி நானே டைப் அடித்துக் கொண்டுபோனேன். துறைத்தலைவர் படிக்காமலே கையெழுத்திட்டார். அதே மாதிரியைப் பார்த்து என் நண்பர்கள் மூன்று பேரும் அடித்தார்கள். நால்வரும் ஒரே பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினோம்! ஒருவருக்கும் இடம் கிடைக்கவில்லை.

மறுவருடம் லேப் மேடத்திடம் போனேன். தன் டிகிரி குறைவு, தன் ஆங்கிலமும் தடுமாறும் என்று தயங்கினார். பிறகு எழுதி, உறையை ஒட்டிக் கையில் தந்தார். உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அந்த முறை இடம் கிடைத்தது. பல்கலைக்கழகத்தில் போய்ச் சேர்ந்த முதல் வாரம் என் பேராசிரியர் கேட்டார்: “பவர் சப்ளை போர்டை இரண்டு முறை எரித்துவிட்டு, ராத்திரி உட்கார்ந்து டிரை சால்டரை, அந்தச் சரியாக ஒட்டாத பற்றவைப்பை, கண்டுபிடித்தவன் நீதானே?”

அந்த மேடத்துக்கு நான் நன்றிக் கடிதம்கூடப் போடவில்லை. இப்போது அவர் இல்லை.

உங்கள் மாநாட்டுக் கட்டுரைக்கு ரீடிங் எடுத்தபோது பக்கத்தில் நின்றது யார்? அவரிடம் போய்க் கேளுங்கள். பெரும்பாலான இடங்களில் டிசம்பர் முதல் பாதியிலேயே கடைசித் தேதி வந்துவிடும். அவருக்கு மூன்று வாரமாவது கொடுங்கள்.