எக்ஸ் கதிர் மிகுந்த காமா வெடிப்பு என்றால் என்ன? அது ஏன் மங்கலாகத் தெரிகிறது?

மிகப் பெரிய விண்மீன் ஒன்று மையம் சரிந்து மடியும்போது, ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் ஒரு பீச்சு (jet, குறுகிய தாரையாகப் பாயும் பொருள்) கிளம்பலாம். அது நம் பக்கம் திரும்பியிருந்தால், சில நொடிகளுக்குக் காமா கதிர்கள் கொட்டும். அதுதான் காமா வெடிப்பு. சிலவற்றில் காமா குறைந்து, ஆற்றல் குறைவான எக்ஸ் கதிர்கள் தூக்கலாக இருக்கும். அவையே எக்ஸ் கதிர் மிகுந்தவை.

காரணம்? ஒன்று, பீச்சின் வேகமே சற்றுக் குறைவாக இருக்கலாம். இல்லையென்றால் நாம் அதை ஓரத்திலிருந்து பார்க்கிறோம். கோடம்பாக்கம் நடைமேடையில் இரவில் நின்று பாருங்கள். மின்சார ரயில் நேராக நம்மை நோக்கி வரும்போது முகப்பு விளக்கு கண்ணைக் கூசும், ஹாரனின் சுருதியும் ஏறிக் கேட்கும். தள்ளி, பக்கவாட்டில் நின்றால் விளக்கு மங்கும், சுருதி இறங்கும். ரயில் என்னவோ அதேதான். காமா எக்ஸ் கதிராக இறங்குவதும் இப்படித்தான். எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் இது.

இந்தக் கதிர்களை வளிமண்டலம் தடுத்துவிடும். அதனால்தான் விண்வெளித் தொலைநோக்கிகள் வேண்டும். சென்னைக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2015-இல் ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட்டும் காமா வெடிப்புகளைப் பதிவு செய்திருக்கிறது.

அப்புறம், மங்கல் என்றாலே வெகு தொலைவு என்று நினைக்க வேண்டாம்: 2006 பிப்ரவரி 18 அன்று நாசாவின் ஸ்விஃப்ட் விண்வெளித் தொலைநோக்கி கண்ட மங்கலான வெடிப்பு சுமார் 44 கோடி ஒளியாண்டு தொலைவில்தான் இருந்தது, இந்த வகையில் அது மிக அருகில்.